சிவப்புக்கு முன் வரும் வெள்ளை: மூன்று ஆண்டுகளாக நான் கட்டும் தலைவிளக்கு

"பெரியப்பா, உங்களிடம் இருக்கும் தலைவிளக்கு 129 வெள்ளியிலிருந்து 69 வெள்ளிக்கு இறங்கியிருக்கிறது. வாங்கலாமா?" என்று தம்பி மகன் நேற்றுக் கேட்டான். "நல்ல விளக்கு, வாங்கு" என்று எழுதிவிட்டு, அனுப்பாமல் அழித்தேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே செம்பனைத் தோட்டத்து மண்சாலை தொடங்குகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு என் நாய் வீரனைக் கூட்டிக்கொண்டு நடப்பேன். மேட்டில் பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்த இடம் வெட்டவெளியாகக் கிடக்கிறது. அங்கே நின்று வானம் பார்ப்பேன். வீரன் என் காலடியில் படுத்துக்கொள்வான். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். அந்தப் புண்ணியத்தில் தை மாதத்தில் ஆறு மணிக்கும் இங்கே நல்ல இருட்டு.

விளக்கைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மழையில் நனைந்திருக்கிறது, கல்லில் விழுந்திருக்கிறது. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஒரு வாரம் தாங்கும். சார்ஜ் ஏற்றும் துளை தளர்ந்துபோனதைப் போன மாதம் 15 வெள்ளிக்குச் சரிசெய்தேன், அவ்வளவுதான். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். வீரன் முகர்ந்துகொண்டே போன புல்லுக்கு நான்கடி தள்ளி நாகம் படமெடுத்து நின்றதை இதன் வெள்ளை ஒளிதான் காட்டியது. அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

ஆனால் நான் இதை வாங்கியது சிவப்பு ஒளிக்காக. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் வேண்டும். மங்கிய சிவப்பு அந்தப் பழக்கத்தை அதிகம் கெடுக்காது. விண்மீன் வரைபடத்தை அதில் படித்துவிடலாம். நாய்க்கும் அது தொல்லையில்லை, அதன் கண்ணுக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும்.

இந்த விளக்கில் இருப்பதோ ஒரே பொத்தான். முதல் அழுத்தத்தில் முழு வெள்ளை, இரண்டாவதில் பாதி வெள்ளை, மூன்றாவதில் மினுக்கும் வெள்ளை, அதற்கும் பிறகுதான் சிவப்பு. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் மறுபடியும் முழு வெள்ளையிலிருந்தே தொடங்க வேண்டும். இதை வடிவமைத்தவர் ஒரு இரவாவது வெளியே நின்று பார்த்திருந்தால் இப்படிச் செய்திருப்பாரா?

இந்தத் தை மாதத்தில் ஒரு நாள், மேகமே இல்லை. தெற்கே ஈப்போ நகரின் வெளிச்சம் அடிவானத்தை வெளுத்திருந்தாலும் அதற்கு மேலே தென்சிலுவை விண்மீன் குழு நிமிர்ந்து நின்றது. அதற்குச் சற்றுக் கிழக்கே, ஏறக்குறைய 17,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்தைப் பைனாகுலரில் பிடித்துவிட்டேன். பிய்த்து வைத்த பஞ்சுபோல ஒரு வெண்மை. அடுத்து எந்தப் பக்கம் நகர்வது என்று வரைபடத்தைப் பார்க்கப் பொத்தானை அழுத்தினேன். வெள்ளைத் தாள் முகத்தில் அறைந்தது. கண் மறுபடி பழகுவதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது. அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பழுதுபார்த்த கடைக்காரரிடம், இந்த வரிசையை மாற்ற முடியுமா என்று கேட்டேன். உள்ளே இருக்கும் சில்லிலேயே அப்படி எழுதியிருக்கிறது, கை வைக்க முடியாது என்றார். இப்போது உள்ளங்கையால் விளக்கைப் பொத்திக்கொண்டு நான்கு முறை அழுத்துகிறேன். அப்போதும் விரலிடுக்கில் வெள்ளை கசிகிறது.

வீரனும் இதைக் கற்றுக்கொண்டுவிட்டான். நாயின் விழித்திரைக்குப் பின்னால், வரும் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. இருட்டில் அதன் கண் பச்சையாக மின்னுவது அதனால்தான். மங்கிய வெளிச்சத்துக்கென்றே அமைந்த அந்தக் கண்ணில் எத்தனை முறை இந்த ஒளியைப் பாய்ச்சியிருக்கிறேன்! இப்போதெல்லாம் பொத்தானின் 'டக்' ஒலி கேட்டதும், வெளிச்சம் வருவதற்கு முன்பே முகத்தை என் முழங்காலுக்குப் பின்னால் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். நான்கு டக் எண்ணிய பிறகுதான் திறக்கிறான்.

ஆகையால், தம்பி, வாங்காதே. 69 அல்ல, 20 வெள்ளிக்குக் கொடுத்தாலும் வேண்டாம். சிவப்புக்குத் தனிப் பொத்தான் உள்ள விளக்காகத் தேடு. கடையிலேயே அணைத்துவிட்டு ஒருமுறை அழுத்திப் பார். முதலில் வரும் நிறம் சிவப்பாக இருந்தால் எனக்கும் ஒன்று எடுத்து வை, பணம் தருகிறேன்.