பிரேக் வைத்த டிரெய்லரா, வெறும் டிரெய்லரா?

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாங்கன்று நர்சரி. பருவத்தில் வீட்டு எஸ்யூவியின் பின்னால் டிரெய்லர் மாட்டி, ஒட்டுக்கன்றுகளைச் சேலம் வரை கொண்டுபோவோம். மூன்று வருஷம் பிரேக் இல்லாத வெறும் டிரெய்லர்தான். போன வருஷம் அதை விற்றுவிட்டு, ஓவர்ரன் பிரேக், அதாவது டிரெய்லர் முட்டும்போது தானே பிடிக்கும் பிரேக், வைத்ததை வாங்கினேன். சின்ன யானை (டாடா ஏஸ்) ஒன்று எடுத்திருக்கலாமே என்று கேட்காத ஆள் இல்லை. வருஷத்தில் நாலு மாசம் ஓடும் வேலைக்கு இன்னொரு இன்ஜினைக் கட்டி மேய்க்க எனக்கு மனசு வரவில்லை.

எதை வாங்கினாலும் மாறாதவை சில: கொக்கி பம்பரில் அல்ல, சேஸிஸில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். கொக்கிக்கு அடியில் ரெண்டு சங்கிலி குறுக்காக. பின்விளக்கு எரிய வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும்.

வெறும் டிரெய்லர் மலிவு, எடையும் கம்மி, எந்த வெல்டிங் பட்டறையிலும் சரிசெய்துகொள்ளலாம். தோப்புக்குள்ளும், அரைப் பாரத்தோடு போச்சம்பள்ளி சந்தைக்குப் போய்வரவும் அது தாராளம்.

நான் மாற்றியது தொப்பூர் மலைச்சாலையால். பாளையம் டோல்கேட் தாண்டினால் சேலம் பக்கம் இறக்கம். ஒருநாள் வெறும் டிரெய்லரோடு கிளம்பும் முன் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டிருந்தோம். பையில் இருந்த மண் ஊறி, 300 கன்றும் கணக்குக்கு மேல் கனத்துவிட்டது. பாதி இறக்கத்தில் பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போனது. கியரைக் குறைத்து எப்படியோ கீழே வந்து ஓரங்கட்டினால், முன் சக்கரத்தில் கருகல் வாசனை. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்ணா, ரெண்டு வண்டிய நிறுத்த ஒரு வண்டி பிரேக்கா?" என்றார்.

விஷயமே அதுதான். எங்கள் வண்டி ரெண்டு டன்னுக்குக் கொஞ்சம் கம்மி; டிரெய்லர் பாரத்தோடு 900 கிலோ. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். ஓவர்ரன் பிரேக்குக்கு வயரிங்கூடத் தேவையில்லை. நாம் பிரேக் மிதித்ததும் டிரெய்லர் முன்னால் வந்து முட்டும். அந்த முட்டலில், கொக்கியில் மாட்டும் ஏர்க்கால் முனையில் உள்ள குழாய் உள்ளே நகர்ந்து கேபிளை இழுக்கும். டிரெய்லர் சக்கரத்தின் டிரம் பிடிக்கும். எவ்வளவு முட்டுகிறதோ அவ்வளவு பிடி. அதற்காக வேகமாக இறங்கிவிட முடியாது. இன்ஜின் பிடித்து இறங்கும்போதும் டிரெய்லர் தள்ளிக்கொண்டேதான் வரும், அதன் டிரம்மும் சுடும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுவேன்.

ஓடும்போது டிரெய்லர் வால்போல் பக்கவாட்டில் ஆடுவதில் மட்டும் ரெண்டும் ஒன்றுதான், பிரேக் அதைத் தடுக்காது. பின்பாரமானால் மாட்டு வண்டியில் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். டிரெய்லரில் பின்பக்கம் ஆடும். உரமூட்டை நிறுக்கும் மெஷின் மேல் ஏர்க்கால் முனையை வைத்து முன்பாரத்தைப் பார்ப்பேன். 900 கிலோவுக்கு 70 முதல் 90 கிலோ வரை காட்டினால் கிளம்பலாம். ஓட்டும்போது ஆட ஆரம்பித்தால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

ரெண்டு அச்சு டிரெய்லர் நான் இழுத்ததில்லை. கொட்டும் மழையில் முழுப் பாரத்தோடு தொப்பூர் இறங்கியதும் இல்லை. அதைப் பற்றி நான் பேசக் கூடாது.

பிரேக் டிரெய்லருக்கு மாசம் ஒருமுறை குழாயில் கிரீஸ் அடித்து, கேபிளை இறுக்க வேண்டும். சலிப்பான வேலை. பெரிய தொல்லை ரிவர்ஸில்தான். மேட்டில் பின்னால் தள்ளினால் முட்டல் என்று நினைத்துத் தானே பிரேக் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு லாக் பின் போட வேண்டும். போட்ட பின்னை எடுக்காமல் கிளம்பினால் டிரெய்லருக்குப் பிரேக்கே கிடையாது, பழைய கதைதான். ஒருமுறை நான் அப்படித் தர்மபுரி வரை போய்விட்டேன். அதிலிருந்து என் மனைவி அந்தப் பின்னைக் கையில் வாங்கிக்கொண்டுதான் சாவியைத் தருகிறாள்.