ரிப்பனில் ஐலெட்டும் பிராடும்: ஆறு வருஷம் கழித்து

அக்காவுக்குப் பெசன்ட் நகரில் வீடு. போன மாதம் போயிருந்தபோது, 2019-இல் அவள் மகளின் முதல் பிறந்தநாளுக்கு நான் செய்து கொடுத்த ஆல்பத்தை எடுத்து வந்தாள். அட்டை, படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கிரீம் கலர் சாட்டின் ரிப்பனில் மட்டும், ஒவ்வொரு பிராடை (பின்னால் இரண்டு கால்களை விரித்து மடக்கும் குட்டி உலோக ஆணி) சுற்றியும் காப்பி டம்ளர் வைத்த தடம் மாதிரி ஒரு பழுப்பு வட்டம். ஏழு பிராட், ஏழு வட்டம். "இது டிசைன்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கார்டு, ஆல்பம், பரிசு டேக் என்று ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். காகிதத்தில் ஐலெட் (துளையில் நுழைத்து, பின்பக்கம் குழாயை விரித்துப் பொருத்தும் உலோக வளையம்) போடுவது ஒரு மதியத்தில் கைவந்துவிடும். ரிப்பனில் போடுவதுதான் பிடிபட நாளானது. அட்டையில் துளை போடும் பஞ்ச் கருவியை வைத்து அழுத்தினால் வட்டமாக வெட்டுப்படும். ரிப்பன் அப்படி வெட்டுப்படாமல் பஞ்ச் கருவியின் வாய்க்குள் மடிந்து நழுவும். பாதி நூல் அறும், பாதி நூல் தொங்கும். சாட்டின் இதில் ரொம்ப மோசம். அதன் நெசவில் நூல்கள் நீளநீளமாக மேலே மிதந்து போவதால்தான் அந்தப் பளபளப்பு. ஒரு நூல் அறுந்தாலும் பக்கத்து நூல் பிடித்து நிறுத்தாது. குறுக்கே வரிவரியாக இருக்கும் குரோஸ்கிரெயின் ரிப்பன் எவ்வளவோ தேவலை. கண்ணாடி மாதிரி மெல்லிசான ஆர்கன்சாவில் ஐலெட் போடும் ஆசையை நான் விட்டுவிட்டேன்.

முதல் வருஷம் முழுக்க ரிப்பனைப் பஞ்ச் செய்து, பிசிறில் நெயில் பாலிஷ் தடவிச் சமாளித்தேன். அது காய்ந்ததும் விறைத்துக்கொண்டு, ரிப்பனில் ஈரம் பட்ட மாதிரி ஒரு கறை தெரியும். இப்போது பிராடுக்காக ரிப்பனை வெட்டுவதே கிடையாது. கனமான ஊசியால் நூல்களை விலக்கி வழி செய்கிறேன். நூல் அறாததால் பிராடின் காலை அது இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அவசரமாக நிறைய டேக் செய்யும்போது வேறு வழி: ரிப்பனை டபுள் சைட் டேப்பால் அட்டையில் ஒட்டி, மேலே ஒரு துண்டுக் காகிதம் வைத்து, மூன்றையும் சேர்த்துப் பஞ்ச் செய்வேன். ரிப்பன் நடுவில் மாட்டிக்கொள்வதால் நழுவாது.

ஐலெட்டுக்கு நிஜமான துளை வேண்டும். அதற்கு ஊதுபத்திதான். கொளுத்தி, சாம்பலைத் தட்டிவிட்டு, கனியும் நுனியால் ரிப்பனை ஒரு நொடி தொட்டால் போதும். பாலியஸ்டர் உருகி, துளையைச் சுற்றிக் கெட்டியான விளிம்பு வந்துவிடும். அப்புறம் பிசிறே கிடையாது. வெள்ளை ரிப்பனில் விளிம்பு லேசாகப் பழுக்கும், ஆனால் அதை ஐலெட்டின் தலை மறைத்துவிடும். கை நடுங்கினால் துளை பெரிதாகி ஐலெட்டே உள்ளே விழுந்துவிடும், அதனால் முதலில் துண்டு ரிப்பனில் பழகிக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பருத்தி ரிப்பனில் மட்டும் இந்த வேலை வேண்டாம். அது உருகாது, கனிந்து எரியும். எது என்று சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். கடைசியில் மணி மாதிரி உருண்டால் பாலியஸ்டர், சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி.

ரிப்பன் மட்டும் இருந்தால் ஐலெட் லொடலொடவென்று சுற்றும், ஏனென்றால் அதன் குழாய்க்குக் கடிக்க ஏதாவது வேண்டும். பின்னால் காசளவுக்கு ஒரு அட்டை வட்டம் வைத்தால் சரியாகிவிடும். பை தைக்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் ஒரு முறை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐலெட் வாங்கினேன். அவை ரெக்சின் கனத்துக்குச் செய்தவை. குழாய் நீளம் அதிகம், சுத்தியலால் அடித்தால் விரியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. பின்பக்கம் 2 மி.மீ. போல நீட்டிக்கொண்டிருந்தால் போதும். சுத்தியல் வேலையை இடிகல்லைக் கவிழ்த்து வைத்துச் செய்துவந்தேன். கீழ் வீட்டு மாமி மேலே வந்து நாசூக்காக விசாரித்த பிறகு பிளையர் மாதிரி அழுத்தும் கருவிக்கு மாறினேன். சத்தம் இல்லை, அடி ஒரே சீராக விழுகிறது. ஓரத்திலிருந்து தள்ளி, அட்டையின் நடுவில் போடத்தான் அது எட்டாது.

ஐலெட் வழியாக ரிப்பனை ஓட்டுவதாக இருந்தால் பின்பக்கத்தைக் கவனிக்க வேண்டும். பலமாக அடித்த ஐலெட் பூ மாதிரி பிளந்து, அந்த இதழ்கள் பிளேடாகிவிடும். திறந்து மூடும் ஆல்பத்தில் ஆறே மாதத்தில் ரிப்பன் அறுந்ததைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பஞ்சு எடுத்துச் சுற்றித் தேய்த்தால், எங்கே கூர் இருக்கிறதோ அங்கே இழை சிக்கும். சிக்கினால் அந்த ஐலெட்டைப் பிடுங்கிவிட்டு வேறு போடுவேன். ரிப்பன் நுனியில் டேப்பைச் சுருட்டி ஷூ லேஸ் முனை மாதிரி செய்துகொண்டால் 6 மி.மீ. ரிப்பன்கூட 5 மி.மீ. துளையில் போகும்.

பழுப்பு வட்டத்துக்கு வருகிறேன். கலர் பிராட் பலவும் இரும்பு, மேலே பெயின்ட். காலை மடக்கிய இடத்தில் பெயின்ட் உரிகிறது, துரு அங்கே ஆரம்பிக்கிறது. கடல் காற்று அடிக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். பித்தளையும் கறுக்கும்தான், ஆனால் துருவாக ரிப்பனில் இறங்காது. ஆல்பத்தில் போட்ட பிறகு புளி வைத்துத் தேய்க்க முடியாது என்பது வேறு விஷயம். பொன் நிறத்தைப் பார்த்துப் பித்தளை என்று நம்பாதீர்கள். இரும்பின் மேல் முலாம் பூசியதும் அப்படித்தான் மின்னும். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று என் கைப்பையில் எப்போதும் கிடக்கும். கடையில் பாக்கெட்டின் மேல் வைத்துப் பார்ப்பேன், ஒட்டினால் வாங்க மாட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். வீட்டில் மிச்சமிருக்கும் இரும்பு பிராடுகள் பரிசு டேக்குகளுக்குப் போகின்றன. டேக்கை யார் ஆறு வருஷம் வைத்திருக்கப் போகிறார்கள்!

இப்போதெல்லாம் ரிப்பனைப் பிடித்து வைக்கப் பித்தளை பிராட், அதுவும் கால்கள் மேல் ஒரு துண்டு அட்டை ஒட்டி. அப்படி ஒட்டாவிட்டால் அடுத்த பக்கத்துப் படத்தைக் கீறிவிடும். ஐலெட்டை முடிந்தவரை அட்டையில் போட்டு, ரிப்பனை அதன் வழியாக ஓட்டிவிடுகிறேன். ரிப்பனிலேயே ஐலெட் போட்டாக வேண்டும் என்றால் குரோஸ்கிரெயின்.

அக்காவின் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரிப்பனைத் திருப்பிப் போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன், ஆனால் கறை மறுபக்கமும் இறங்கியிருக்கிறது. புது ரிப்பன்தான் போட வேண்டும். டிசைனை மாற்றிவிட்டேன் என்று அவளிடம் சொல்லிக்கொள்ளலாம்.