நாயின் முடியை வாங்கி 'அலர்ஜி ரிப்போர்ட்' தருகிறார்கள், உஷார்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் நாய் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "நாய் முடி கொஞ்சம் கொடுங்க, எதெல்லாம் ஒத்துக்காதுன்னு லேபில் பார்த்துச் சொல்றோம்" என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம். கடைப் பெயரை எழுதப் போவதில்லை. இந்த வேலையைச் செய்கிற கடை ஒன்றே ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை, அதனால் அவர்கள் செய்யும் விதத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் உபயோகம்.

எங்கள் டைகர் நாட்டு நாய், நாலு வயது. சாரல் பிடித்த சமயத்தில் வாலடியைக் கடித்துக்கொள்ள ஆரம்பித்தான். இடுப்புக்கு மேல் முடி கொட்டி, தோல் கறுத்து, ராத்திரி முழுக்கச் சொறிகிற சத்தம். நாய்த் தீவனம் விற்கிற கடையிலேயே ஒருவர் 'டாக்டர்' என்று உட்கார்ந்திருந்தார். நாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஃபுட் அலர்ஜி மேடம், பார்த்தாலே தெரியுது" என்றார். தெள்ளுப்பூச்சியாக இருக்குமோ என்று என் மாமியார் கேட்டதற்கு, இந்தக் குளிரில் அதெல்லாம் உயிரோடு இருக்காது என்று சிரித்தார். ஓர் ஊசி போட்டார். கொஞ்சம் முடியைக் கத்தரித்துக் கவரில் போட்டுக்கொண்டு 4,500 ரூபாய் வாங்கினார்.

மறுநாளே அரிப்பு நின்றுவிட்டது. ஏமாற்று வேலையே இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான அலர்ஜி அரிப்பை அந்த ஊசி கொஞ்ச நாள் அடக்கிவிடும். நாய் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்த பிறகு, டாக்டர் சொன்னதில் யாருக்குச் சந்தேகம் வரும்?

அப்புறம் ரிப்போர்ட் வந்தது. கோழி, முட்டை, அரிசி, பால், கேரட் என்று பக்கம் பக்கமாகச் சிவப்புக் கோடு. டைகர் வாழ்நாளில் பார்த்தே இராத சால்மன் மீனும் அதில் உண்டு. ஒத்துக்கொள்ளும் என்று மிஞ்சியது அந்தக் கடையில் விற்கிற விலை உயர்ந்த தீவனம் ஒன்றுதான். அதையும் வாங்கினோம். அரிப்பு திரும்பி வந்தது, மறுபடி ஊசி. அதன் பிறகு காகிதப் பொட்டலத்தில் பெயரில்லாத வெள்ளை மாத்திரை. டைகர் பாத்திரம் பாத்திரமாகத் தண்ணீர் குடித்தான், வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போனான், எவ்வளவு தின்றாலும் பசி அடங்கவில்லை. கோத்தகிரிக் குளிரில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கினான். போன் செய்தால், "பசிக்கிறது நல்லதுதானே மேடம்" என்று பதில். மாத்திரையின் பெயர் கேட்டேன். "அது எங்க காம்பினேஷன்" என்றார். தீவனத்துக்கு மட்டும் பில் தந்தார்.

கடைசியில் மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் எடுத்தது நெருக்கமான பல் வைத்த ஒரு சீப்பு. வாலடியில் வாரி, விழுந்த கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டினார். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை ஊறியது. தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதில் செரித்த ரத்தம். மண்ணாக இருந்தால் இப்படிச் சிவக்காது. இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம், செலவே இல்லை. பிறகு செல்லோடேப்பைத் தோலில் ஒட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். ஈஸ்ட் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகியிருந்தன. சொறி உண்டாக்கும் பூச்சி இருக்கிறதா என்று தோலைச் சுரண்டியும் பார்த்தார். தண்ணீர், பசி, மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஊசியும் மாத்திரையும் ஸ்டீராய்டாகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

தெள்ளுப்பூச்சியின் எச்சில்தான் அலர்ஜி. அது ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், உடம்பில் பூச்சி கண்ணில் படவேண்டும் என்றில்லை. மலைக் குளிர் அதைக் கொல்லும் என்பதும் சும்மா. வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும், அடுப்பு மூட்டிய வீட்டுக்குள் நாய் படுக்கிற கம்பளி கதகதப்பாக, ஈரப்பதத்தோடுதானே இருக்கிறது? அது போதும். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் இருப்பது அங்கேதான். அதனால் நாய்க்கு மருந்து கொடுப்பதோடு வேலை முடியாது. கம்பளியை வெந்நீரில் துவைத்து, தரை இடுக்குகளையும் சுத்தம் செய்ய வேண்டும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பதால் மருந்தையும் சில மாதம் விடாமல் கொடுக்க வேண்டும். டைகருக்குக் கொடுத்தது ஃப்ளூராலானர் மாத்திரை, ஒன்று 12 வாரம் வேலை செய்யும். வலிப்பு வரும் நாயாக இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தோலுக்கு மருந்து ஷாம்பு. அவ்வளவுதான் வைத்தியம். மொத்தச் செலவும் அந்த ரிப்போர்ட் காசில் பாதிகூட வரவில்லை.

அரிக்கும் இடத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். வாலடியும் பின்தொடையும் என்றால் தெள்ளுப்பூச்சி மேல் சந்தேகம். பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது, காது திரும்பத் திரும்பச் சீழ் பிடிப்பது, அக்குளும் அடிவயிறும் சிவப்பது என்றால் தூசிப்பூச்சி, மகரந்தம் போன்ற சுற்றுப்புற அலர்ஜியாக இருக்கலாம். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கும். உணவு அலர்ஜியும் இதே மாதிரிதான் தெரியும், பார்த்தவுடன் சொல்ல முடியாது. கண்டுபிடிக்க நம்பகமான வழி, நாய் இதுவரை தின்னாத ஒரு புரதத்தை, உதாரணத்துக்குப் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும், குறைந்தது 8 வாரம் தருவது. வேறு எதுவும் கூடாது. பக்கத்து வீட்டு ஆயா போடும் பிஸ்கட்கூட. அரிப்பு குறைந்தால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு வந்தால் சாப்பாடுதான் காரணம். முகம் திடீரென்று வீங்கி, வாந்தி எடுத்துத் தள்ளாடினால் இதெல்லாம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

முடிச் சோதனை எவ்வளவு பெரிய கூத்து என்றால், 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் நாய் மாதிரிகளோடு செயற்கை ரோமத்தையும் வெறும் உப்புத் தண்ணீரையும் சேர்த்து அனுப்பினார்கள். அவற்றுக்கும் அலர்ஜி இருப்பதாகவே ரிப்போர்ட் வந்தது.

இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984-இன்படி, பதிவு செய்த மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். பதிவு எண் கேளுங்கள், நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். எந்த ஊசி, எவ்வளவு என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். பில் தராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம். இதுவரை பதில் இல்லை.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்றும் நினைக்க வேண்டாம். காரணம் தெரிந்து, அளவோடு, கொஞ்ச நாளைக்குக் கொடுத்தால் அது நல்ல மருந்து. ஆனால் இதைப் படித்துவிட்டு, உங்கள் நாய்க்குப் பல வாரமாகக் கொடுத்துவரும் பெயர் தெரியாத மாத்திரையை இன்றைக்கே தூக்கி எறியாதீர்கள். ஸ்டீராய்டாக இருந்தால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மிச்ச மாத்திரையைப் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு ஒரு பதிவு பெற்ற டாக்டரிடம் போங்கள்.