புதிய பேச்சு சிகிச்சையாளர்களுக்குக் கூட்டு ஆன்லைன் பயிற்சி: எது தேறும்?

மூத்தவர் பேச, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்கும் வகுப்பு பணத்துக்குக் கேடு. ஐந்தாறு பேர் ஒரே வீடியோவுக்குத் தனித்தனியே மதிப்பெண் இட்டு ஒப்பிடும் அமர்வுதான் உருப்படி. நூறு அசைக்கு எத்தனை திக்கின என்று எண்ணும்போது வேறுபாடு பளிச்சென்று தெரியும். "ம்ம்" என்ற நிரப்பொலியையும் திக்கலில் சேர்த்துவிடுவோர் உண்டு.

விழுங்கல் சிரமம் பற்றிய பாடத்தில் ஐடிடிஎஸ்ஐ (உணவு, பானங்களின் கெட்டித்தன்மையை நிலைகளாகப் பிரிக்கும் சர்வதேச முறை) ஒழுகல் சோதனை இருக்கிறதா பாருங்கள். 10 மில்லி சிரிஞ்சில் பானம், 10 நொடி ஒழுகல். மிச்சம் 4 முதல் 8 மில்லி என்றால் கெட்டித்தன்மையில் இரண்டாம் நிலை. சிரிஞ்சில் பூஜ்யத்திலிருந்து 10 வரையிலான அளவுக்கோடு 61.5 மி.மீ. நீளம் இல்லையென்றால் முடிவு தவறும். திரையில் காட்டினால் போதாது, அவரவர் கையிலும் சிரிஞ்ச் வேண்டும்.

வீடியோ அழைப்பின் இரைச்சல் குறைப்பு வசதி 'ஸ', 'ஷ' ஒலிகளை மழுக்கிவிடலாம் (பலர் கவனிப்பதே இல்லை). அதை அணைக்கச் சொல்லாதவரிடம் உச்சரிப்புப் பாடம் வேண்டாம்.