1000 வாட் இண்டக்‌ஷன் ஹீட்டர்: மேனிஃபோல்டு நட்டு முறியாமல் வருமா?

பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப் பட்டணத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுதி) வேலை என்றாலே தயக்கம்தான். செம்மண் சேறு ஹீட் ஷீல்டுக்குள் புகுந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு. உரம் ஏற்றும் லோரியில் அந்தத் தூசி படிந்து மழையில் நனைந்தால் நட்டும், அது ஏறும் மரைக்கம்பியான ஸ்டட்டும் ஒரே கட்டியாகிவிடும். இதற்கென்று இணையக் கடைகளில் கிடைக்கும் 1000 வாட் கையடக்க இண்டக்‌ஷன் ஹீட்டர் பற்றியது இந்த மதிப்பீடு. கருவி நல்ல கருவிதான். ஆனால் எல்லாருக்கும் தேவைப்படாது, எல்லா நட்டுக்கும் எட்டாது.

கைப்பிடி ஒன்று, முனையில் மாட்டும் செம்புச் சுருள் ஒன்று, அவ்வளவுதான். சுருளுக்குள் நுழைந்த இரும்பு தானாகவே சூடாகும். தீ கிடையாது. அதனால் பக்கத்தில் ஓடும் வயர், பெட்ரோல் குழாய், ரப்பர் எல்லாம் பிழைக்கும். மேனிஃபோல்டு பூட்டியிருக்கும் அலுமினியம் சிலிண்டர் ஹெட்டும் தப்பிக்கும். கேஸ் டார்ச்சைப் பிடித்துக்கொண்டே நின்றால் 660 டிகிரியில் உருகும் உலோகத்தின் மேல் தீயைக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. 240 வோல்ட்டில் இது இழுப்பது 4 ஆம்பியருக்குச் சற்று மேல், சாதாரண 13 ஆம்பியர் பிளக் போதும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை நீளமாக இழுத்தால் மட்டும் வோல்ட் இறங்கி, சூடு ஏறத் தாமதமாகும். வாங்கும்போது 110 வோல்ட் மாடல் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டட்டோ போல்ட்டோ முறிவதற்குக் காரணம் பெரும்பாலும் சாக்கெட்டைத் திருப்பும் நீளமான கைக்கம்பி. 8.8 தரத்து எம்8 (8 மில்லி விட்டம்) போல்ட்டு புதிதாக இருக்கும்போதே 33 நியூட்டன் மீட்டர் முறுக்கில் முறியும் எல்லையைத் தொட்டுவிடும். அரை மீட்டர் கம்பியின் முனையில் 10 கிலோ பாரம் கொடுத்தால் கிடைப்பது 49. துரு தின்று மெலிந்த போல்ட்டு எப்படித் தாங்கும்? ஆகவே பலத்தைக் குறைத்து, சூட்டை நம்ப வேண்டும்.

முதல் நாள் மாலையே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை ஒயர் பிரஷால் சுத்தமாகத் தேயுங்கள். நட்டு வெளியேறும் வழியே அதுதான். அங்கே துரு இருந்தால் பாதி வழியில் மறுபடி இறுகும். பிறகு துருநீக்கி எண்ணெய் அடித்து இரவு முழுக்க ஊற விடுங்கள். சாதாரண டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்காக 1953-ல் உருவானது. அதே கம்பெனியின் ஸ்பெஷலிஸ்ட் பெனட்ரன்ட் இந்த வேலைக்குப் பொருத்தம். மறுநாள் ஹீட்டரை எடுக்கும் முன் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பற்றிக்கொள்ளும்.

ஜப்பான் வழி வந்த இன்ஜின்களில், பழைய புரோட்டோன் சாகா உட்பட, எம்8 நட்டுக்கு 12 மில்லி ஸ்பானர், எம்10-க்கு 14 என்பதே வழக்கம். 12 மில்லி நட்டுக்கு 20 மில்லி சுருள் சரியாக உட்காரும். உலோகத்தைச் சுருள் தொடக்கூடாது. தொட்டால் அதன் மேலுறை கருகிப் பிய்ந்துபோகும். 10 முதல் 15 வினாடி பிடித்து, சிவப்பு தெரிவதற்கு முன்பே நிறுத்துங்கள். நட்டு விரிய வேண்டும், ஸ்டட் விரியக்கூடாது. அதிக நேரம் பிடித்தால் இரண்டும் சேர்ந்து சூடாகி, பட்ட பாடு வீண். 770 டிகிரியைத் தாண்டினால் இரும்பின் காந்தத் தன்மையே போய்விடும், அதற்குமேல் ஹீட்டருக்கும் வேகம் இருக்காது.

சூட்டோடு சூடாக ஆறுமுனை சாக்கெட்டை மாட்டி, முதலில் இறுக்கும் பக்கம் துளி அசைத்துப் பாருங்கள். பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று வந்ததும் பாதி பின்னால் போய், மறுபடி வாருங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் நல்ல சகுனம். சத்தமே இல்லாமல் ரப்பரை முறுக்குவதுபோல் இழுத்தால் உடனே கையை எடுங்கள்: நட்டு நகரவில்லை, ஸ்டட்தான் முறுகிக்கொண்டிருக்கிறது. ஆறவிட்டு மறுபடி சூடாக்கலாம், அல்லது சூட்டில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து மரைக்குள் உருகி இறங்க விடலாம்.

நட்டுக்குப் பதிலாக ஹெட்டுக்குள் இறங்கும் போல்ட்டாக இருந்தால் முறை வேறு. சூட்டில் போல்ட்டு தடித்து இன்னும் இறுகும். ஆறிச் சுருங்கும்போதுதான் துரு விரிசல் விடும். இரண்டு மூன்று முறை சூடாக்கி, ஒவ்வொரு முறையும் முழுக்க ஆறவிட்டு, எண்ணெய் ஊற்றிய பிறகே சாக்கெட் போட வேண்டும். இங்கேதான் அவசரக்காரர்கள் முறிக்கிறார்கள். வரிசையும் முக்கியம்: இரு ஓரங்களில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள். நீளவாக்கில் விரிந்து சுருங்கும் மேனிஃபோல்டு அதிகம் இழுத்துப் பலவீனமாக்குவது ஓர ஸ்டட்டுகளைத்தான்.

இனி குறைகள். மேனிஃபோல்டு குழாய்க்கும் நட்டுக்கும் இடையே சுருள் நுழைய இடமில்லாவிட்டால் கருவி வெறும் பாரம். தட்டைச் சுருளைப் பக்கவாட்டில் பிடிக்கலாம், ஆனால் சூடு பாதிகூட ஏறாது. துருப்பிடிக்காத எஃகு நட்டு மெதுவாகவே சூடாகும். ஹெட்டோடு மட்டமாக ஏற்கெனவே முறிந்த ஸ்டட்டுக்கு இது எதுவும் செய்யாது. அதற்கு மிக் வெல்டிங்கில் ஒரு நட்டை ஒட்டி வைத்துத் திருப்புவதே வழி. முறிந்த துண்டை எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை அடித்து இறக்காதீர்கள். அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது. இன்னொன்று, சுருள் பக்கம் போகும் கையில் மோதிரம், காப்பு எதுவும் இருக்கக்கூடாது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இந்தக் கருவியின் அருகிலேயே வரக்கூடாது.

திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கெட், புது ஸ்டட், முடிந்தால் பித்தளை நட்டு. மரையில் செம்பு ஆன்டி-சீஸ் (மரை கட்டியாகாமல் காக்கும் பசை) மெல்லியதாகத் தடவுங்கள். ஏறக்குறைய 980 டிகிரி வரை தாங்கும். அதைத் தடவிய மரை வழுக்கும் என்பதால், மேனுவல் சொல்லும் முறுக்கை அப்படியே வைத்தால் கூடிப்போகும். கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.

சொந்த சாகா ஒன்றுக்காக இதை வாங்குவது வீண் செலவு. எண்ணெயும் சின்ன கேஸ் டார்ச்சும் போதும், பொறுமை இருந்தால். மாதத்துக்கு நாலைந்து லோரி, டிராக்டர் வரும் ஒர்க்‌ஷாப்புக்கு, ஹெட்டைக் கழற்றி முறிந்த ஸ்டட்டை எடுக்கும் கூலியோடு ஒப்பிட்டால் சீக்கிரமே முதலைத் திருப்பிவிடும். வாங்கும்போதே 20 மில்லி சுருள் இரண்டு கூடுதலாகச் சேர்த்து ஆர்டர் கொடுங்கள். முதலில் கருகுவது அதுதான், தனியாக வரவழைத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.