நெஃப்ரோசெக் சிறுநீர்ச் சோதனை: தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியின் மதிப்பீடு

சிங்கப்பூரில் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியான எனக்கு, மணிக்கொரு முறை சிறுநீர் அளவைக் குறிப்பது கைப்பழக்கமாகிவிட்டது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது மணிக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே 6 மணி நேரம் நீடித்தாலோ, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 48 மணி நேரத்தில் லிட்டருக்கு 26.5 மைக்ரோமோல் உயர்ந்தாலோ, அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்கிறது கேடிகோ என்னும் சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி. ஆனால் கிரியாட்டினின் தாமதமாகவே உயரும். படுக்கையில் கிடந்து தசை கரைந்தவருக்கும், லிட்டர் கணக்கில் நீர் ஏற்றப்பட்டவருக்கும் அது பாதிப்பைக் குறைத்தே காட்டும்.

அமெரிக்காவில் 2014இல் அனுமதி பெற்ற நெஃப்ரோசெக், இந்தத் தாமதத்தைக் குறைக்கவே வந்தது. நெருக்கடிக்கு உள்ளாகும் சிறுநீரகச் செல்கள், பழுதோடு பெருகாமலிருக்கத் தம் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்திக்கொள்கின்றன. அதோடு தொடர்புடைய டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி-7 என்னும் இரு புரதங்களைச் சிறுநீரில் அளந்து, பெருக்கி, ஒரே எண்ணாக இது தருகிறது. எண் 0.3ஐத் தாண்டினால், அடுத்த 12 மணி நேரத்தில் மிதமான அல்லது கடுமையான பாதிப்பு நேரும் அபாயம் அதிகம்.

இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்த முதியவர் ஒருவர் இன்னும் என் கண்முன் நிற்கிறார். அதிகாலை 3 மணிக்கு அவருடைய கிரியாட்டினின் 84. யாரையும் கலங்கவைக்காத எண். சிறுநீரோ, அடர்ந்த தேன் நிறத்தில், 2 மணி நேரமாக மணிக்கு 20 மில்லிலிட்டரைத் தாண்டவில்லை. மாதிரியைச் சுழற்றித் தெளியவைத்து, கருவியில் இட்டு, 20 நிமிடம் காத்திருந்தோம்: 1.4. மருத்துவர் உடனே, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய நுண்ணுயிர்க்கொல்லியான ஜென்டாமைசினை நிறுத்தி வேறு மருந்து எழுதினார். ரத்த அழுத்த இலக்கை உயர்த்தினார். காலையில் நடக்கவிருந்த, சிறுநீரகத்துக்குச் சுமையாகக்கூடிய சாய மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேனையும் தள்ளிவைத்தார். மறுநாள் 118 வரை ஏறிய கிரியாட்டினின் அதோடு நின்றது. சோதனைதான் அவரைக் காத்தது என்று சொல்ல மாட்டேன். எங்களுக்குச் சில மணி நேரம் முன்னதாகவே தெரிந்தது, அவ்வளவே உறுதி.

குறை இல்லாமலில்லை. 0.3 என்ற வரம்பு, பாதிக்கப்படப்போகிறவர்களில் 10க்கு 9 பேரைக் கண்டுபிடித்தாலும், பாதிப்பு வராதவர்களில் பாதிப்பேருக்கும் எச்சரிக்கை தருகிறது. எனவே எல்லாருக்கும் செய்வது வீண்செலவு. இருந்தும், கிருமித்தொற்றாலேயே உயர்ந்துவிடும் என்ஜிஏஎல் என்ற இன்னொரு சிறுநீரகப் பாதிப்புச் சோதனையைவிட, செப்சிஸ் என்னும் கடும் கிருமித்தொற்று நோயாளிகள் நிறைந்த எங்கள் பிரிவில் இதையே நான் நம்புவேன்.

இரவில் மாதிரியைச் சுழற்ற ஆளில்லாத பிரிவு, அதற்கு ஏற்பாடு செய்த பிறகே இதை வாங்க வேண்டும். காலைவரை காத்திருக்கும் மாதிரியால் அந்த முதியவருக்குப் பயனிருந்திருக்காது.