இரண்டாம் பாகங்களோடு இருபது வருடங்கள்

சூப்பர்ஹீரோ படங்களின் அடுத்தடுத்த பாகங்களை 2004லிருந்து விடாமல் பார்த்து வருகிறேன். அந்த வருடம் வந்த 'ஸ்பைடர்மேன் 2'தான் ஆரம்பம். ஓடும் ரயிலைத் தன் உடம்பாலேயே நிறுத்திவிட்டு மயங்கிச் சாய்கிறவனைப் பயணிகள் கைமேல் கையாக ஏந்தி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். முகமூடி இல்லை. இவ்வளவு சின்னப் பையனா என்று அவர்கள் திகைக்க, இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்பார்கள். முதல் பாகத்திலேயே இந்த சீன் வந்திருந்தால் எனக்குத் தொண்டை அடைத்திருக்காது. வாடகைக்குத் திண்டாடுகிற, வேலையைத் தொலைக்கிற பீட்டரை, அதாவது முகமூடிக்குள் இருக்கும் பையனை, அதற்குள் நன்றாகப் பழகியிருந்தோம்.

அப்புறம் 2007ல் மூன்றாம் பாகம். ஒரே படத்துக்குள் மூன்று வில்லன்கள். ஆனாலும் சாண்ட்மேன் எழுந்து வருகிற அந்த ஒரு சீனுக்காக இன்றும் அதைப் போட்டுப் பார்ப்பேன். மணல் குவியல் மெதுவாக மனிதனாகத் திரண்டு, மகளின் படம் இருக்கும் லாக்கெட்டை எடுக்கக் கை நீட்டும். விரல்கள் பொலபொலவென்று உதிரும். வசனமே கிடையாது. அவனை மட்டும் வைத்து முழுப் படமும் எடுத்திருக்கலாம். இன்னொரு வில்லனான வெனமுக்கு வேறொரு படம் கொடுத்திருக்கலாம்.

எனக்கு ஆறாத கோபம் என்றால் அது 'தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2' (2014) மேல்தான். பீட்டரின் காதலி க்வென் விழுந்து இறக்கிறாள், அவனால் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தோடு நம்மை உட்கார விடாமல் ரைனோ என்ற புது வில்லனைக் கொண்டுவந்து அடுத்த படத்துக்கு அடி போடுகிறார்கள். அந்த அடுத்த படம் வரவே இல்லை! ஏழு வருடம் கழித்து, 'நோ வே ஹோம்' படத்தில் அதே ஸ்பைடர்மேனாக வரும் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், இன்னொரு ஸ்பைடர்மேனின் காதலியான, கீழே விழும் எம்ஜேவைப் பாய்ந்து பிடிக்கிறார். உனக்கு ஒன்றும் இல்லையே என்று அவர் கேட்க, அவள் அதையே திருப்பிக் கேட்கிறாள். பதில் சொல்ல வாய் வராமல் கண் கலங்கித் தலையை மட்டும் ஆட்டுவார். நானும் அழுதேன். அந்த ஏழு வருடக் கடன் அங்கே தீர்ந்தது.

இப்போதெல்லாம் ஒரு பாகத்துக்குப் போவதற்கு முன் வீட்டுப்பாடம் வேறு. 2022ல் வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் மந்திர சக்தி கொண்ட வாண்டாவின் வேதனை முழுதாகப் புரிய, 'வாண்டாவிஷன்' தொடரின் ஒன்பது எபிசோடையும் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்திருந்தேன், சரி. பக்கத்தில் இருந்த நண்பனுக்கு இடைவேளை வரை விளக்கிக்கொண்டே இருந்தேன்.

'லோகன்' (2017) விஷயத்தில் மட்டும் இன்னும் மனம் ஒரு பக்கமாக நிற்கவில்லை. இறந்துபோன வுல்வரினின் கல்லறையில் நட்ட சிலுவையை அவர் மகள் லாரா சாய்த்து எக்ஸ் குறியாக்குவாள். ஹியூ ஜாக்மேன் வுல்வரினாக வந்த பதினேழு வருடப் பயணம் அங்கே முடிந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். 2024ல் 'டெட்பூல் & வுல்வரின்' அந்தக் கல்லறையைத் தோண்டித்தான் தொடங்குகிறது. முகம் சுளித்தேன். பிறகு ஹியூ ஜாக்மேன் மஞ்சள் உடையில் முகமூடி மாட்டியபோது கத்தியதும் நான்தான். ஆனால் வீடு வரை கூடவே வந்தது வேறொரு சீன். நெருப்பு மூட்டியிருக்க, தான் புதைத்தவரின் அதே முகத்தோடு எதிரே இருக்கும் வேறொரு உலகத்து வுல்வரினிடம் லாரா பேசுவாள். அதை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டிருக்கலாம்.